புள்ளியால் ‘கொழும்பு’ எழுதுவது: புள்ளி எழுத்துரு செய்யப் பழகுவோருக்கு

இருட்டிய பிறகு காலி வீதியில் வரும் பஸ்ஸின் நெற்றியைப் பாருங்கள். சிவப்பிலோ செம்மஞ்சளிலோ ஓர் இலக்கமும் ஓர் ஊர்ப்பெயரும் எரியும். வெசாக் பந்தலில் அணைந்து அணைந்து எரியும் மின்குமிழ்கள், கோயில் திருவிழாவில் முகப்பில் கட்டும் ‘ஓம்’, புறக்கோட்டை மொத்தக்கடையில் காபன் பிரதியோடு கிழித்துத் தரும் பற்றுச்சீட்டு எல்லாம் இதே இனம். இவற்றில் எதிலும் கோடு கிடையாது. இருப்பவை புள்ளிகள். கோட்டைப் போட்டுக்கொள்வது பார்க்கிறவரின் கண்.

புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவருக்கு இந்த எழுத்துருவின் பாதி ஏற்கெனவே தெரியும். முதலில் தரையில் புள்ளிகளை அளவாக வைக்கிறோம். பிறகு கோட்டை இழுக்கிறோம். புள்ளி எழுத்துருவில் இரண்டாவது வேலை இல்லை. வேண்டிய புள்ளிகளை மட்டும் நிறுத்தி, மற்றவற்றை அழித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். அதனால் எந்தப் புள்ளியை வைப்பது என்பதைவிட எதை விடுவது என்ற முடிவுதான் எழுத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த வடிவம் அழகுக்காகப் பிறக்கவில்லை. 1928இல் நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு கட்டிடத்தைச் சுற்றி 14,800 மின்குமிழ்களில் செய்திகளை ஓடவிட்டார்கள். 1961இல் மொன்றியல் பங்குச் சந்தையில், ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் பளிச்சென்ற நிறமுமாகப் புரளும் சிறு தட்டுகளால் ஆன பலகை வந்தது. 1980இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 அச்சுப்பொறியின் தலையில் 9 ஊசிகள். மை நாடாவில் அவை குத்தக் குத்த எழுத்து விழும். கோடு இழுக்க அந்த இயந்திரங்களால் முடியாது, அதனால் புள்ளி வைத்தார்கள். இன்று எந்தக் கோடும் இழுக்கக்கூடிய கணினியில் வேண்டுமென்றே புள்ளிக்குத் திரும்புகிறோம் என்றால், அந்த நாளின் வாசனைக்காகவும் ஒரு விளையாட்டுக்காகவும்தான். ஆகவே இது தலைப்புக்கான எழுத்துரு. கடைப்பெயர், சுவரொட்டி, ரீ-சேர்ட், நிகழ்ச்சிப் பெயர் என்று மூன்று நான்கு சொல்லுக்குப் பொருந்தும். ஒரு பந்தி முழுவதையும் இதில் அடித்தால் வாசிப்பவருக்குத் தலையிடிதான்.

இரண்டு அளவுகள்

முதல் அளவு இடைவெளி: ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்த புள்ளியின் நடுவரை உள்ள தூரம். இரண்டாவது புள்ளியின் விட்டம். கணக்குக்கு இலகுவாக இடைவெளியை 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 100 ஆனால் புள்ளிகள் ஒன்றையொன்று தொடும். வரிசையாகக் கோத்த மணி போல இருக்கும். விட்டம் 80 ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஏறக்குறைய 50 சதவீதம்தான் மை. 60 ஆனால் 28 சதவீதம். தடித்த எழுத்து வேண்டுமென்று கோட்டின் அகலத்தைக் கூட்ட இங்கே இடமில்லை. இருக்கிற ஒரே திருகாணி இந்த விட்டம்.

அதைக் கண்டபடி முறுக்கவும் முடியாது. சதுரக் கட்டத்தில் பக்கத்துப் புள்ளி 100 அலகு தள்ளி இருக்கிறது. மூலைவிட்டமாக இருக்கும் புள்ளியோ 141 அலகு தள்ளி. விட்டம் 80 என்றால் பக்கவாட்டில் வெள்ளை 20, சாய்வில் வெள்ளை 61, அதாவது மூன்று மடங்கு. விட்டத்தை 90 ஆக்கினால் 10க்கு 51, ஐந்து மடங்கு. 60 ஆக்கினால் 40க்கு 81, இரண்டு மடங்குதான். புள்ளியைப் பெருப்பித்தால் சாய்கோடும் திடமாகும் என்று பழகுநர் நினைப்பார். நடப்பது மறுதலை: நேர்கோடு குழாய் போல ஒட்டிக்கொள்ளும், சாய்கோடு மட்டும் தனித்தனி மணியாய்ச் சிதறிக் கிடக்கும். எழுத்தின் நிறை கெடாமல் இருக்க 65 முதல் 80 வரை நல்ல எல்லை. முதல் முயற்சிக்கு 75 வையுங்கள்.

கோலத்தில் நேர்ப்புள்ளியும் உண்டு, இடைப்புள்ளியும் உண்டு. இடைப்புள்ளியில் ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசையின் சந்துகளில் விழும். எழுத்துருவையும் அப்படிச் செய்யலாம். அப்போது ஆறு பக்கமும் சம தூரம், வளைவுகள் அருமையாக வரும். ஆனால் நிமிர்ந்த கோடு வாள்பல்லாக நெளியும். ப, ட, ம, ய, ர என்று நிமிர்கோட்டில் நிற்கும் எழுத்துகள் நிறைய உள்ள தமிழுக்கு நேர்ப்புள்ளியே கைகொடுக்கும்.

ஆங்கிலப் பெட்டிக்குள் தமிழ் அடங்காது

புள்ளி எழுத்துக்கு உலகம் முழுக்கப் பழகிய அளவு 5×7: ஐந்து நிரல், ஏழு நிரை. (நிரை படுக்கை வரிசை, நிரல் நிமிர்ந்த வரிசை.) இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை இந்தப் பெட்டியை வரைந்து கொடுத்துவிட்டுத்தான் தொடங்கும். தமிழில் தொடங்குபவர் செய்யும் முதல் பிழையும் அந்தப் பெட்டியை எடுத்துக்கொள்வதுதான்.

காரணம் எளிய கணக்கு. இரண்டு கோடுகள் தனித்தனியாகத் தெரிய நடுவில் ஒரு வெற்று வரிசை வேண்டும். ஆகவே எழுத்தைக் குறுக்கே வெட்டினால் எத்தனை கோடு வெட்டுப்படுமோ அதை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழியுங்கள். அவ்வளவு நிரல் குறைந்தபட்சம் தேவை. ஆங்கிலத்தின் ‘எம்’ எழுத்தில் மூன்று கோடு: 5 நிரல் போதும். அதனால்தான் 5×7 அவர்களுக்குப் பொருந்தியது. ண-வை வெட்டினால், வரையும் விதத்தைப் பொறுத்து ஐந்து அல்லது ஆறு கோடு: 9 அல்லது 11 நிரல். 5 நிரலுக்குள் ண எழுதியே தீருவேன் என்றால் கிடைப்பது ஒரு கறுப்புக் கட்டி.

அகலம் ஒருபுறம் இருக்க, உயரம் இன்னும் பெரிய சிக்கல். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே பட்டைக்குள் நிற்கும். தமிழ் மேலேயும் போகும், கீழேயும் போகும். இதை ஒரே சொல்லில் பார்க்க வேண்டுமானால் ஊர்ப்பெயரையே எழுதிப் பாருங்கள்: கொழும்பு. ‘கொ’ எழுத்தின் இரு பக்கத்திலும் குறி ஏந்துகிறது. ‘ழு’ தமிழிலேயே மிக ஆழமாகக் கீழே இறங்கும் எழுத்துகளில் ஒன்று. ழகரத்தின் கொக்கியும் உகரத்தின் சுழியும் அடியில் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். ‘ம்’ தலைக்கு மேல் புள்ளி கேட்கும். ‘பு’ நேராக ஒரு காலைக் கீழே நீட்டும். இந்த ஒரு சொல் ஒழுங்காக வந்துவிட்டால் உங்கள் கட்டம் மற்ற எழுத்துகளுக்கும் பெரும்பாலும் தாங்கும். இலகுவான ட, ப-வில் தொடங்கி அளவை முடிவு செய்துவிட்டுக் கடைசியில் ‘ழு’வுக்கு வந்தால், முழுவதையும் அழித்துத் திரும்ப வரைய வேண்டியதுதான்.

சிறிய எல்.சி.டி. திரைகளில் பரவலாக இருக்கும் ஹிட்டாச்சி எச்டி44780 சில்லு இதற்கு நல்ல சாட்சி. சொந்தமாக வரைந்துகொள்ள அதில் 8 இடம், ஒவ்வோர் இடமும் 5×8 புள்ளி. கொம்பு, க, கால், ழு, ம், பு என்று எண்ணினால் 6 இடம் போதும் போலத் தெரியும். ஆனால் க, ழு, ம் மூன்றும் 5 நிரலுக்குள் அடங்காமல் ஆளுக்கு இரண்டு இடம் பிடிக்கும். மொத்தம் 9. ஊர்ப்பெயரையே முழுதாக எழுத முடியாமல் சில்லு நிரம்பிவிடும்.

16 நிரை

தமிழுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு பங்கீடு இது. மொத்தம் 16 நிரை. நடுவில் 7 நிரை எழுத்தின் உடலுக்கு. மேலே 4 நிரை புள்ளி, இகர வளைவு, ஈகாரச் சுழி ஆகியவற்றுக்கு. கீழே 4 நிரை உகர ஊகாரங்களுக்கும் ழ-வின் கொக்கிக்கும். உச்சியில் 1 நிரை எப்போதும் வெறுமை. இரண்டு வரி அடுக்கினால் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘ஈ’காரமும் முட்டிக்கொள்ளாமல் அதுதான் காக்கும்.

ஏன் 16? கடைகளுக்கு மேலே ஓடும் எல்.ஈ.டி. பலகைகளில் மிகப் பரவலானது பி10 என்ற வகை: ஒரு துண்டு 320×160 மில்லிமீற்றர், அதில் 32 நிரல், 16 நிரை, புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீற்றர். அதே உயரத்தில் வரைந்தால் உங்கள் எழுத்து காகிதத்திலும் பலகையிலும் மாற்றமின்றி ஓடும். உடல் 7 நிரை என்பதால் ஆங்கிலப் பெரிய எழுத்தும் பக்கத்தில் சம உயரத்தில் நிற்கும். கொழும்பில் பெயர்ப்பலகை என்றால் மும்மொழி. சிங்களமும் தமிழைப் போலவே மேலும் கீழும் குறி ஏந்துவது. அதற்கும் இந்த 4-7-4 பங்கீடு உதவும்.

அகலம் எழுத்துக்கு எழுத்து மாறட்டும். ப, ட, ர போன்றவற்றுக்கு 5, க, ம-வுக்கு 7, ழு-வுக்கு 9, ண-வுக்கு 11. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்று அடம்பிடித்தால் ‘ட’ வெளியில் தொலைந்துபோன மாதிரி நிற்கும்.

‘ப்’ எழுத்தை வரைந்து பார்ப்போம். மேலே புள்ளி, ஒரு வெற்று நிரை, பிறகு 7 நிரை உடல்:

○○●○○
○○○○○
●○○○●
●○○○●
●○○○●
●○○○●
●○○○●
●○○○●
●●●●●

அடியில் இரு மூலைப் புள்ளிகளையும் கவனியுங்கள். மூலையைப் பறித்தால் வளைவு, விட்டால் கூர்மை. புள்ளி எழுத்தில் வளைவு என்பது இவ்வளவுதான். அந்த இரண்டு மூலைகளையும் எடுத்துவிட்டால் நீங்கள் எழுதியது ப அல்ல, ஆங்கிலத்தின் ‘யூ’. மும்மொழிப் பலகையில் இந்த இரண்டு புள்ளிகளுக்கு நிறைய மரியாதை உண்டு.

‘ம’ இப்படி:

●○○○●●○
●○○●○○●
●○○●○○●
●○○●○○●
●○○●○○●
●○○●○○●
●●●●●●○

வலப்பக்கச் சுழியில் மூன்று மூலைகளைப் பறித்திருக்கிறோம். இடப்பக்க மூலையை விட்டிருக்கிறோம். அதையும் பறித்தால் எழுத்து உருண்டு ஒரு பக்கம் சாயும்.

ஒரு புள்ளியில் தலைகீழாகும் எழுத்துகள்

சிறிய கட்டத்தில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வித்தியாசம் ஒன்றிரண்டு புள்ளியாகச் சுருங்கிவிடும். கூடுதலாகத் தொல்லை தருவது ரகரமும் காலும். ‘ர’வின் அடியில் இழுக்கும் சாய்கோட்டை விட்டுவிட்டால் அது ‘ா’ ஆகிவிடும். முகத்துவாரம் என்று எழுதிப் பாருங்கள்: காலும் ரகரமும் அடுத்தடுத்து வருகின்றன. ர-வின் சாய்வுக்கு உடலுக்குக் கீழே குறைந்தது 2 நிரை ஒதுக்குங்கள். எ–ஏ சோடியிலும் சாய்வு ஒன்றுதான் வேற்றுமை. ஒ–ஓ சோடியில் அடிச்சுழி. அது 3×3க்குக் குறைந்தால் நடுவிலுள்ள துளை அடைபடும், பார்ப்பவருக்கு ஏதோ அழுக்குப் போலத் தெரியும். கொம்பிலும் இதே கதை: ‘ே’ காட்டும் மேற்சுழிக்கு இடம் விடாவிட்டால் எல்லாம் ‘ெ’ ஆகிவிடும். ன–ண வேற்றுமை ஒரு வளைவு. அகலத்தில் கஞ்சத்தனம் பண்ணுபவர்களிடம் முதலில் காணாமல் போவது அந்த வளைவுதான்.

புள்ளிக்குள் ஒரு புள்ளி

தமிழுக்கே உரிய வேடிக்கை ஒன்று இங்கே உண்டு. மெய்யெழுத்தின் புள்ளியும் புள்ளி, எழுத்தின் உடலும் புள்ளி. எது எது என்று கண்ணுக்கு எப்படித் தெரியும்? மெய்யெழுத்து புள்ளியோடு நிற்கும் என்று தொல்காப்பியம் சொன்னாலும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை வைக்கவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். வாசிப்பவர் இடம் பார்த்துப் புள்ளியைச் சேர்த்துக்கொண்டார். பெயர்ப்பலகை வாசிப்பவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

உடலுக்கும் புள்ளிக்கும் நடுவில் ஒரு நிரையை வெறுமையாக விடுவது கட்டாயம். இல்லாவிட்டால் ‘ம்’ தலையில் கொண்டை முளைத்த ‘ம’ ஆகும். ஒற்றைப் புள்ளி காகிதத்துக்குப் போதும். மேலே ‘ப்’ படத்தில் வைத்தது அதுதான். தூரத்திலிருந்து பார்க்கும் பலகைக்கு 2×2 ஆக நான்கு புள்ளி வையுங்கள். எல்.ஈ.டி. பலகையில் ஒரு விளக்கு செத்துப்போவது வழமை. ஒற்றைப் புள்ளியாக இருந்து அந்த விளக்கே செத்தால் ‘பல் வைத்தியர்’ என்ற பலகை ‘பல வைத்தியர்’ என்று மாறிவிடும். நான்கில் ஒன்று போனாலும் மூன்று மிஞ்சும். காகிதத்தில் மட்டும் பயன்படுத்தும் எழுத்துரு என்றால் இன்னொரு வழி இருக்கிறது: மெய்ப்புள்ளியின் விட்டத்தை மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு ஆக்கலாம். பார்வைக்கு விளையாட்டாகவும் இருக்கும். மேலே ஒரு வெற்று நிரையும் பக்கத்தில் வெற்றிடமும் இருப்பதால் எதையும் முட்டாது.

எழுத்துக்கு எழுத்து எவ்வளவு தூரம்

எழுத்தின் உள்ளே கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் 1 நிரல் வெறுமை விட்டோம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவிலும் 1 நிரலே விட்டால் எங்கே ஓர் எழுத்து முடிகிறது என்று தெரியாது. ஆகவே வெளியே 2 நிரல், சொல்லுக்குச் சொல் 5 நிரல். கொம்பும் காலும் மட்டும் எழுத்தோடு ஒட்டியே நிற்க வேண்டியவை, அவற்றுக்கு 1. இதைச் செய்யும் சுலபமான வழி: எல்லா எழுத்துக்கும் வலப்பக்கம் 2 நிரல் வெறுமை வைத்து, கொம்புகளுக்கு மட்டும் 1 வையுங்கள், கால் குறியை ஒரு நிரல் இடப்பக்கம் தள்ளி, எழுத்து தொடங்கும் பூச்சியக் கோட்டுக்கு வெளியே வரைந்துவிடுங்கள். அது தானாகவே முன் எழுத்தின் வெறுமைக்குள் புகுந்துகொள்ளும். இகர வளைவையும் அப்படியே. சாதாரண எழுத்துருவில் ‘கி’யின் வளைவு ககரத்தின் தோளில் பிசகாமல் ஒட்ட வேண்டும். இங்கே எதுவும் எதையும் தொடுவதில்லை. கிட்டப் போனாலே போதும், கண் ஒட்டிக்கொள்ளும். புள்ளி எழுத்துரு தமிழுக்குத் தரும் ஒரே சலுகை அது.

இந்தக் கணக்கில் ‘கொழும்பு’ 46 நிரல் பிடிக்கும்: கொம்பு 5, க 7, கால் 5, ழு 9, ம் 7, பு 5, இடைவெளிகள் 8. ஒரு பி10 துண்டு 32 நிரல்தான். இரண்டு துண்டு பக்கத்துப் பக்கமாக வேண்டும். பலகைக்கு விலை கேட்கப் போகுமுன் இப்படி நிரலை எண்ணிக்கொண்டு போனால் ஏமாற மாட்டீர்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லா அகலமும் 100இன் மடங்காக இருக்க வேண்டும். 250, 330 என்று ஒன்று நுழைந்தால் அடுத்த எழுத்திலிருந்து புள்ளிகள் கட்டத்தை விட்டு விலகும். வரி முழுவதும் குடித்தவன் நடை போடும். எழுத்துகளுக்கிடையே தானாக நெருக்கம் திருத்தும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

கணினியில்

247 எழுத்து வரைய வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, உகர ஊகார வரிசை 36, தனியாக வளையும் டி, டீ 2, தனிக்குறிகள் 7: மொத்தம் 94. கிரந்தத்தில் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்தும், அவற்றின் மெய் ஐந்தும், ஸ்ரீயும், தனி உகர ஊகாரக் குறிகள் இரண்டும் சேர்த்தால் 107. தெஹிவளையும் ஜிந்துப்பிட்டியும் உள்ள ஊரில் கிரந்தத்தை விட்டுவிட முடியாது.

உகர வரிசையில் குறியைத் தனியே ஒட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கு, சு, து, மு, ரு ஒவ்வொன்றும் வேறு வழியில் வளைகிறது. 36ஐயும் வரைந்தே தீர வேண்டும். மெய் 18ஐயும் தனித்தனியாக வரைவது நல்லது. கணினி புள்ளியை எழுத்தின் மேல் தானாக மையப்படுத்தினால் அது அரைக் கட்டம் விலகி விழும்.

ஃபொன்ட்ஃபோர்ஜ் எழுத்துரு செய்யும் இலவச மென்பொருள். மேக் கணினியில் கிளிஃப்ஸ் வைத்திருப்பவர்கள் அதிலும் செய்யலாம். எழுத்துருவின் மொத்த உயரத்தை 1600 அலகாக வையுங்கள்: அடிக்கோட்டுக்கு மேல் 1200, கீழ் 400. புள்ளி மையங்கள் 50, 150, 250 என்று விழும். முதலில் ஒரே ஒரு வட்டத்தைத் தனி உருவாக வரையுங்கள். அதன்பிறகு எந்த எழுத்திலும் வட்டம் வரையக் கூடாது. அந்த ஓர் உருவைச் சுட்டி அழைத்து அழைத்து நிறுத்துங்கள். இதுதான் முழு வேலையிலும் பெரிய சூத்திரம். விட்டம் 75 பிடிக்கவில்லையா, ஓர் இடத்தில் 70 ஆக்கினால் 107 எழுத்தும் மாறும். வட்டத்தை அழித்துச் சதுரம் வைத்தால் பழைய கணினித் திரை; நட்சத்திரம் வைத்தால் நத்தார் அலங்காரம்; ஐந்து இதழ் வைத்தால் மல்லிகைச் சரம். பிரதி எடுத்து ஒட்டி வேலை செய்தவருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுமார் 3000 வட்டம் திருத்தும் வேலை.

வெளியே எடுக்கும்போது டிடிஎஃப் வடிவில், சுட்டிகளைப் பிரிக்காமல் எடுங்கள். கோப்புச் சிறிதாக இருக்கும். எழுத்தைச் சிறிய திரைக்குத் தானாகத் திருத்தும் வசதியை அணையுங்கள். அது ‘கோடு’ தேடிப் போய் வட்டங்களை முட்டையாக்கும். ககரமும் புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் நீங்கள் வரைந்த ‘க்’ உருவை வை என்பது போன்ற, எழுத்தை மாற்றும் விதிகளைத் தமிழுக்குரிய வரிவடிவக் குறியீட்டின் கீழ் எழுதுங்கள். கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். விதிகளில் க்ஷ-வை முதலில் வையுங்கள். ‘க் என்று வந்தால் மாற்று’ என்ற விதி முந்திக்கொண்டால் க்ஷ உருவாகவே மாட்டாது. ‘ரிக்ஷா’ துண்டு துண்டாக வரும்.

பழைய வாசனை இன்னும் வேண்டும் என்பவர்களுக்கு ஓர் ஆசை காட்டலாம். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை போல மேலே வளைந்து நின்றன. மருதானை, கொட்டாஞ்சேனை, கிருலப்பனை, பொரளை, தெஹிவளை என்று னை, ளை-யில் முடியும் பெயர்கள் நிறைந்த நகரத்துக்கு அந்தத் துதிக்கையைப் புள்ளியில் வரைந்து மாற்று வடிவமாகச் சேர்த்து வைத்தால் பார்ப்பவர் ஒருமுறை நின்று பார்ப்பார். எல்லோராலும் உடனே வாசிக்க முடியாது என்பதால் இயல்பு வடிவமாக வைக்காதீர்கள்.

பலகையில், திரையில், காகிதத்தில்

எல்.ஈ.டி. பலகையில் தமிழ் குலைவதற்கு எழுத்துரு பெரும்பாலும் காரணமல்ல. மலிவான கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எழுத்துகளை வந்த வரிசையில் ஒவ்வொன்றாக வைக்கும். யுனிகோட்டில் ககரத்துக்குப் பிறகு வரும் கொம்பை முன்னுக்கு நகர்த்தத் தெரியாது. அதனால் கொம்பு பின்னால் தொங்கும், புள்ளி தனியாக ஓர் எழுத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு தீர்வு உண்டு. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டும் பாமினி முறையில் உங்கள் எழுத்துருவின் இன்னொரு பிரதியைச் செய்வது ஒன்று. மற்றது, சொல்லைக் கணினியில் எழுதி 16 புள்ளி உயரக் கறுப்பு வெள்ளைப் படமாக அனுப்புவது. படமாக்கும்போது விளிம்பை மென்மையாக்கும் வசதி அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாம்பல் நிறப் புள்ளிகள் எரிவதா அணைவதா என்று தெரியாமல் சுழிகள் அடைபடும். அடிக்கடி மாறும் அறிவித்தலுக்குப் பாமினிப் பிரதி. மாறாத கடைப்பெயருக்குப் படம்.

10 மில்லிமீற்றர் இடைவெளியை நல்ல கண் ஏறக்குறைய 34 மீற்றர் வரைதான் பிரித்தறியும். அதற்கு அப்பால் புள்ளிகள் கலந்து கோடாகும்; அது நல்லதுதான். ஆனால் எழுத்துக்குள் விட்ட 1 நிரல் வெறுமையும் அதே தூரத்தில் கரையும். சுழி அடைபடும், மெய்ப்புள்ளி உடலோடு சேரும். பாதித் தூரத்தை, அதாவது 15 மீற்றர் அளவை, வசதியாக வாசிக்கும் எல்லையாகக் கொள்ளுங்கள்.

கணினித் திரையில் எழுத்தின் அளவு 16இன் மடங்காக இருக்கட்டும்: 48, 64, 80. 64இல் ஒவ்வொரு புள்ளிக்கும் சரியாக 4 படப்புள்ளி கிடைக்கும். 50 என்று போட்டால் 3.125, சில வரிசை கூர்மையாகவும் சில மங்கலாகவும் விழுந்து எழுத்தின் மேல் சேலைக்கரை போலப் பட்டை பட்டையாக ஓடும். எழுத்துருவில் ஒன்றும் பிழையில்லை, அளவுதான் பிழை. எரியாத விளக்குகளும் மங்கலாகத் தெரியும் அந்தப் பழைய பலகைத் தோற்றம் வேண்டுமானால், ஒவ்வோர் எழுத்தின் அதே அகலத்துக்கு எல்லாப் புள்ளியும் நிரம்பிய இரண்டாவது எழுத்துரு ஒன்றைச் செய்து, 10 முதல் 15 சதவீத அடர்த்தியில் அடியில் வையுங்கள். அகலங்கள் 100இன் மடங்காக இருந்தால் மேலும் கீழும் அச்சொட்டாகப் பொருந்தும்.

அச்சில் மை பரவும். எழுத்துருவின் உயரம் 20 மில்லிமீற்றர் என்றால் இடைவெளி 1.25 மில்லிமீற்றர், 80 விட்டத்தில் புள்ளிகளுக்கிடையே 0.25 மில்லிமீற்றர் வெள்ளை, தாங்கும். அதையே விசிட்டிங் கார்டில் 5 மில்லிமீற்றராகச் சுருக்கினால் வெள்ளை 0.06 மில்லிமீற்றர், நேர்கோடுகள் அடைபட்டு, சாய்கோடுகள் மட்டும் புள்ளியாக மிஞ்சும். கார்டுக்கென்று 60 விட்டத்தில் ஒரு மெல்லிய பிரதி வைத்திருங்கள். துணியில் ஸ்கிரீன் பிரின்ட் போடுவதானால் வெள்ளை அரை மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது.

ஓட்டோவின் பின் கண்ணாடிக்கு ஸ்ரிக்கர் வெட்டக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண எழுத்தில் ‘கொழும்பு’ ஆறு துண்டு, ஏழு துண்டு. புள்ளி எழுத்தில் 130க்கு மேல். ஒவ்வொன்றும் தனியாக உரிந்து வரும், தனியாக ஒட்ட வேண்டும், வெயிலில் தனித்தனியாக உதிரும். வெட்டுபவர் கூலி கூட்டிக் கேட்டால் நியாயம்தான். அதைவிட, ஒரே நிறப் பட்டையில் புள்ளிகளைத் துளைகளாக வெட்டச் சொல்லுங்கள். ஒரே துண்டாக ஒட்டலாம். பின்னால் வரும் வாகனத்தின் வெளிச்சம் விழும்போது எழுத்து மினுங்கும்.

எழுத்துரு முடிந்ததும் அம்மா, ஆடு, இலை என்று எழுதிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். அவை எல்லாக் கட்டத்திலும் அழகாகத்தான் வரும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பாணந்துறை, ஜிந்துப்பிட்டி, நுகேகொடை, முகத்துவாரம், தெஹிவளை, ஆமர் வீதி, கொழும்பு. இவற்றை வரிக்கு ஒன்றாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, பத்து அடி தள்ளி நின்று, இந்த எழுத்துருவைப் பார்த்திராத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த எழுத்தில் தயங்குகிறாரோ அந்த எழுத்தில் பெரும்பாலும் ஒரு புள்ளி கூடுதலாக இருக்கும்.